வாடகை வீட்டின் மெயின் போர்டு: உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளர்களுக்கு,

மாடியில் ஒரு போர்ஷனை விட்டுவிட்டுக் கீழே குடியிருப்பவர், காம்பவுண்டுக்குள் வரிசையாக ஆறு லைன் வீடு கட்டி விட்டவர், பிள்ளை வெளிநாடு போனதும் பூட்டிக்கிடந்த ஃப்ளாட்டைப் புரோக்கர் மூலம் விட்டவர், மொட்டை மாடியில் ஷீட் போட்டு இரண்டு பேச்சலர்களைக் குடிவைத்தவர் என உங்களில் பல வகை உண்டு. பலருக்கு அந்த வாடகைதான் பென்ஷன். இந்த மடல் வாடகையைப் பற்றியது அல்ல, உங்கள் வீட்டு மெயின் போர்டைப் பற்றியது. குடியிருப்பவர் சுவரில் ஆணி அடிக்கக்கூட உங்களிடம் அனுமதி கேட்கிறார். மெயின் போர்டில் அவர் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அதனால்தான் இதை அவரிடம் சொல்லாமல் உங்களிடம் நேராகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் வாடகை வீட்டின் சமையலறைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஃப்ரிட்ஜுக்கு முன்னால் ஒரு ரப்பர் மிதியடி கிடக்கலாம். வாஷிங் மெஷினுக்கு முன்னால் ஒரு மரப்பலகை. கிரைண்டருக்குப் பக்கத்தில், வீட்டுக்குள் போடுவதற்கென்றே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. "வெறுங்காலோட ஃப்ரிட்ஜைத் தொடாதே" என்று ஐந்து வயதுக் குழந்தைக்குச் சொல்லிப் பழக்கியிருப்பார்கள். ஏன் என்று கேட்டால், "லேசா சுள்ளுனு அடிக்கும், பழகிடுச்சு" என்று பதில் வரும். உங்களிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். சொன்னால் "இஷ்டம்னா இருங்க, இல்லேன்னா காலி பண்ணுங்க" என்று வந்துவிடுமோ என்ற பயம். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது. வேறு வீடு பார்த்தால் அட்வான்ஸ் கூடும். எனவே மிதியடி வாங்கிப் போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள்.

அந்தச் 'சுள்' பழகிப்போக வேண்டிய விஷயமே இல்லை. ஃப்ரிட்ஜின் இரும்பு உடம்பில் மின்சாரம் கசிந்து நிற்கிறது என்பதற்கு அதுதான் முதல் அறிகுறி. கால் காய்ந்திருந்து, மிதியடியும் இருக்கும்வரை, தொட்டவர் உடம்பு வழியாகப் போவது ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர்தான். அதே ஃப்ரிட்ஜைக் குளித்துவிட்டு ஈரக்காலோடு வந்து ஒருவர் தொட்டால் கணக்கு மாறிவிடுகிறது. நனைந்த உடம்பின் மின்தடை ஏறக்குறைய 1,000 ஓம் வரை இறங்கிவிடும். 230 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்தால் வருவது 230 மில்லி ஆம்பியர். ஃப்ரிட்ஜ் அதேதான், கசிவும் அதேதான். மாறியது ஈரம் மட்டும்.

230 மில்லி ஆம்பியர் என்றால் என்ன என்பதைப் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மின்பொறியியல் பேராசிரியர் சார்லஸ் டால்சியலின் ஆய்வுகளை வைத்துப் புரிந்துகொள்ளலாம். தன்னார்வலர்கள் கையில் மின்கம்பியைப் பிடிக்கக் கொடுத்து, எவ்வளவு மின்சாரம் வரை அவர்களால் பிடியை விட முடிகிறது என்று அவர் அளந்தார். ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியரிலேயே மின்சாரம் இருப்பது தெரிந்துவிடுகிறது. சராசரியாக ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் விரல்கள் இறுகிக்கொள்கின்றன, விட வேண்டும் என்று நினைத்தாலும் கை விடாது. 30 மில்லி ஆம்பியரை நெருங்கினால் மூச்சுவிடும் தசைகள் செயலிழக்கத் தொடங்கும். அதற்கு மேல் ஒரு விநாடி நீடித்தாலும் இதயத் துடிப்பு குலைந்துபோகலாம். 230 அந்த எல்லைகளையெல்லாம் எங்கோ தாண்டியது.

"எங்க வீட்டுல எம்.சி.பி. போட்டிருக்கே, ஷாக் அடிச்சா அது விழுந்துடாதா?" என்று நீங்கள் கேட்பீர்கள். விழாது. உங்களில் மிகப் பலர் நம்பிக்கொண்டிருக்கும் இந்தப் பாதுகாப்பு அங்கே இல்லை. எம்.சி.பி.யின் வேலை சுவருக்குள் ஓடும் ஒயர் சூடாகி எரிந்துபோகாமல் காப்பது. அதில் 16 என்று எழுதியிருந்தால் 16 ஆம்பியர், அதாவது 16,000 மில்லி ஆம்பியர் தாராளமாகப் போக அது வழிவிடும். மனிதர் உடம்பு வழியாகப் போகும் 230 மில்லி ஆம்பியர் அதன் கணக்கில் ஒரு சின்ன பல்பு. பழைய வீடுகளில் இருக்கும் பீங்கான் ஃபியூஸ் கட்டையும் இப்படித்தான். அது போய்விட்டால் தடித்த செம்புக்கம்பியை முறுக்கிக் கட்டிவைப்பவர்களும் உண்டு. அந்த வீட்டில் ஒயருக்குக்கூடப் பாதுகாப்பு கிடையாது.

அடுத்தது எர்த். போர்ஷனில் உள்ள ஒரு சாக்கெட்டின் மூடியை எலக்ட்ரீஷியனை விட்டுக் கழற்றச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் மூன்று துளை இருக்கும், மேலே உள்ளது பெரியது. கிரைண்டரின் மூன்று பின் பிளக்கில் மேல் பின் மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பது, செருகும்போது எர்த்தான் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது அதுதான் கடைசியாக விலக வேண்டும் என்பதற்காக. அவ்வளவு யோசித்துச் செய்த பின் போய்ச் சேரும் இடத்தில், மூடிக்குப் பின்னால், பல வாடகை வீடுகளில் பச்சை ஒயரே இல்லை. பித்தளை முனையில் திருகு மட்டும் இருக்கும், அதன்மேல் தூசி படிந்திருக்கும். வீடு கட்டும்போது "போர்ஷனுக்குத்தானே, ரெண்டு ஒயர் போதும்" என்று யாரோ மிச்சம் பிடித்தது அது.

பச்சை ஒயர் இருக்கும் வீட்டிலும் அது எங்கே போய் முடிகிறது என்று பார்க்க வேண்டும். முப்பது, நாற்பது ஆண்டுக்கு முந்தைய வீடுகளில் எர்த் ஒயரைத் தண்ணீர்க் குழாயில் சுற்றிவிடுவது வழக்கமாக இருந்தது. அன்றைக்கு அது இரும்புக் குழாய், மண்ணுக்குள் போனது. பிறகு குழாய் துருப்பிடித்து, பிளம்பர் வந்து பி.வி.சி. போட்டுக் கொடுத்தார். பிளாஸ்டிக் வழியாக மின்சாரம் மண்ணுக்குப் போகாது. அன்றோடு அந்த வீட்டின் எர்த் அறுந்துபோனது, யாருக்கும் தெரியாமல். மிச்சமிருக்கும் இரும்புத் துண்டில் கசிவு ஏறினால், பாத்ரூம் குழாயைத் திறப்பவருக்கு ஷாக் அடிக்கும்.

தனியாக எர்த் குழி வெட்டி, இரும்புக் குழாய் இறக்கி, உப்பும் கரியும் போட்ட வீடாகவே இருக்கட்டும். கோடையில் மண் காய்ந்து அந்தக் குழியின் மின்தடை 20 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். ஃப்ரிட்ஜுக்குள் ஃபேஸ் ஒயர் உடம்பில் பட்டால், எர்த் வழியாகப் போகக்கூடியது 230-ஐ 20-ஆல் வகுத்த 11.5 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு அசையாது. எர்த் இருந்தும், எம்.சி.பி. இருந்தும், ஃப்ரிட்ஜ் உயிரோடு நிற்கும். இது அரிதான கோளாறு அல்ல. தரமாக வேலை செய்த வீட்டிலும் நடக்கக்கூடிய சாதாரணக் கணக்கு.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஒரு சாதனம் இருக்கிறது. டால்சியலே 1961-இல் அதன் அமெரிக்க வடிவத்தை உருவாக்கினார். நம் ஊர்க் கடையில் ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் கொடுப்பார்கள். எலக்ட்ரீஷியன்கள் பழைய வழக்கத்தில் இ.எல்.சி.பி. என்பார்கள். மின்வாரிய அறிவிப்புகளில் ஆர்.சி.டி. என்று வரும். வேலை ஒன்றுதான். ஃபேஸில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று அது கணக்குப்பிள்ளை மாதிரி ஒவ்வொரு கணமும் சரிபார்த்துக்கொண்டே இருக்கும். உள்ளே ஒரு வளைய வடிவக் காந்த உள்ளகம், அதன் வழியாக இரண்டு ஒயரும் போகின்றன. போனதும் வந்ததும் சமமானால் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், அது வேறு எங்கோ, ஒருவேளை ஒரு மனிதர் வழியாக, மண்ணுக்குப் போகிறது என்று பொருள். உடனே மின்சாரத்தை வெட்டிவிடும். 30 மில்லி ஆம்பியரில் 0.3 விநாடிக்குள், 150 மில்லி ஆம்பியரில் 0.04 விநாடிக்குள் வெட்ட வேண்டும் என்பது அதன் தர அளவு. ஈரக்காலோடு ஃப்ரிட்ஜைத் தொட்டவருக்கு ஷாக் அடிக்கத்தான் செய்யும், அலறி விலகுவார். பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்.

எர்த்தும் சேர்ந்து இருந்தால் அந்த அலறல்கூட இருக்காது. ஃபேஸ் உடம்பில் பட்ட அதே கணத்தில், யாரும் தொடும் முன்பே, 11.5 ஆம்பியர் எர்த்தில் ஓடும். ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். "என்ன, கரண்ட் போயிடுச்சு?" என்று பார்க்கப் போய், ஃப்ரிட்ஜில் கோளாறு என்று கண்டுபிடிப்பார்கள்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒருவர் ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால், போனது முழுவதும் திரும்பி வந்துவிடும், ஆர்.சி.சி.பி.க்கு அது தெரியாது. ஒயர் சூடாவதும் அதற்குத் தெரியாது. எனவே எம்.சி.பி.யை எடுத்துவிட்டு இதை மாட்டக் கூடாது, இரண்டும் வேண்டும்.

இத்தனை கணக்குப் போட்டுப் பேச வேண்டிய விஷயமா இது என்று தோன்றலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து மரண அறிக்கைகளின்படி, அண்மை ஆண்டுகளில் நாடு முழுவதும் ஆண்டுக்கு 12,000 பேருக்கு மேல் மின்சாரம் தாக்கி இறந்திருக்கிறார்கள். 2017 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை கொடுங்கையூரில் மழைநீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்தபோது ஊரே கொதித்தது, அதிகாரிகள் மேல் நடவடிக்கை வந்தது. 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள், அரசே விசாரணைக்கு உத்தரவிட்டது. தெருவில் நடந்தால் கேள்வி வருகிறது. வீட்டுக்குள், ஒரு போர்ஷனின் பாத்ரூமில் நடந்தால், அது பத்திரிகையில் நாலு வரியோடு முடிகிறது. மெயின் போர்டில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று யாரும் எழுதுவதில்லை.

ஐரோப்பாவில் கோடை விடுமுறைக்குக் குடும்பங்கள் காருக்குப் பின்னால் கேரவன் வண்டியை இழுத்துக்கொண்டு கிளம்புவார்கள். நமக்குக் கேரவன் என்றால் ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்காரும் வண்டிதான் நினைவுக்கு வரும். அங்கே அது நடமாடும் வீடு. கேம்பிங் மைதானத்தில் வண்டியை நிறுத்தி, கம்பத்தில் இருக்கும் நீல நிற சாக்கெட்டில் ஒயரைச் செருகினால் விளக்கு எரியும், கெட்டில் கொதிக்கும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் விதிப்படி அந்த ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனித்தனியாக ஓர் ஆர்.சி.டி. இருக்க வேண்டும், அது 30 மில்லி ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது. வண்டிக்குள் இன்னொன்று இருக்கும். காரணம் எளிது. ஈரப் புல், வெறுங்கால், உலோக உடம்பு கொண்ட வண்டி, தரையில் கிடக்கும் நீண்ட ஒயர். இந்த நான்கில் எதற்கு ஈடானது உங்கள் போர்ஷனின் துணி துவைக்கும் இடத்தில் இல்லை? ஒரே ஓர் இரவு தங்கிப் போகிறவருக்கு அங்கே இரண்டு காவல். பத்து ஆண்டாக மாதம் தவறாமல் வாடகை கொடுக்கும் குடும்பத்துக்கு இங்கே ஒன்றுகூட இல்லை என்றால், அதை உங்களால் எப்படி ஏற்றுக்கொள்ள முடிகிறது?

வாடகை வீடுகளுக்கென்றே சட்டம் போட்ட ஊர்களும் உண்டு. இங்கிலாந்தில் 2020-இல் வந்த விதிப்படி, தனியார் வாடகை வீடுகளின் ஒயரிங்கை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவரை வைத்துப் பரிசோதித்து, அறிக்கையின் நகலைக் குடியிருப்பவரிடம் கொடுக்க வேண்டும். தவறினால் 30,000 பவுண்டு வரை அபராதம் என்றுதான் அந்த விதி வந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2009 ஆகஸ்டிலிருந்து, வீட்டை விற்பதற்கு முன்போ வாடகைக்கு விடுவதற்கு முன்போ குறைந்தது இரண்டு ஆர்.சி.டி. பொருத்தியாக வேண்டும்.

நம் ஊரிலும் விதி இல்லாமல் இல்லை. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மின் விநியோக விதித்தொகுப்பைத் திருத்தி, வீடு உள்ளிட்ட மின் இணைப்புகளில் ஆர்.சி.டி. பொருத்துவதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மின்வாரியமும் அதைப் பொருத்தச் சொல்லிப் பொதுமக்களுக்கு அறிவிப்பு கொடுத்தது. வாடகை விஷயத்தில் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் சட்டம் இன்னும் தெளிவு. பராமரிப்பில் யாருக்கு எது என்று அதன் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. உள், வெளி மின் ஒயரிங்கும் அதைச் சார்ந்த பராமரிப்பும் உரிமையாளர் பொறுப்பு. சுவிட்ச், சாக்கெட் போன்ற சில்லறைப் பழுதுகள்தான் வாடகைதாரருடையவை. கவனக்குறைவால் ஓர் உயிர் போனால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் இருக்கிறது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. "இது என் வேலையா?" என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் தரப்பில் சொல்லப்படும் காரணங்களையும் கேட்க வேண்டும். அவற்றில் சில நியாயமானவை.

"அதைப் போட்டா அடிக்கடி டிரிப் ஆகுது, குடியிருக்கிறவங்களே கழட்டச் சொல்றாங்க." இது உண்மையில் நடக்கிறது. பல வீடுகளில் ஆர்.சி.சி.பி. போர்டில் இருக்கும், ஆனால் ஒயர் அதைச் சுற்றிக்கொண்டு நேராகப் போகும். டிரிப் ஆவதற்குக் காரணம் அந்தச் சாதனம் அல்ல. பெரும்பாலும் நியூட்ரல் கலப்பு. கட்டும்போது கீழ் வீட்டு ஃபேஸை ஓர் ஒயரிலும் மாடி வீட்டு நியூட்ரலை இன்னொன்றிலும் சேர்த்து முடிச்சுப் போட்டிருப்பார்கள். ஃபேனை ஒரு வீட்டில் போட்டால் மின்சாரம் அடுத்த வீட்டு நியூட்ரல் வழியாகத் திரும்பும். கணக்கு இடிக்கும், சாதனம் விழும். இன்வெர்ட்டர் வைத்த வீடுகளிலும் இதே சிக்கல் வரும். இல்லையென்றால் உண்மையாகவே எங்கோ கசிகிறது: ஈரம் இறங்கிய பாத்ரூம் சுவிட்ச் பெட்டி, கீசரின் வெடித்த காயில், தண்ணீர் புகுந்த மோட்டார். நல்ல எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு சர்க்யூட்டாகக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு நாளில் அதைக் கண்டுபிடித்துவிடுவார். மொத்த வீட்டுக்கும் ஒன்று என்று வைக்காமல், போர்ஷனுக்கு ஒன்றாகப் பிரித்து வைத்தால், ஒரு வீட்டு ஹீட்டர் கெட்டதற்காக ஆறு வீடு இருட்டாகாது.

"கண்ட கண்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகி அவங்களே கெடுத்துக்கறாங்க." சிலர் செய்கிறார்கள். பிளக் இல்லாமல் ஒயர் முனையை நேராகச் சாக்கெட்டில் சொருகி, தீக்குச்சி வைத்து இறுக்குபவர்கள்கூட உண்டு. வாளித் தண்ணீரில் ஹீட்டர் ராடைப் போட்டு, நிறுத்தாமலே விரலை விட்டுச் சூடு பார்ப்பவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 1980-களில் கட்டிய அறையில் கதவோரமாக ஒரே ஒரு சாக்கெட் வைத்தது நீங்கள் அல்லது உங்கள் அப்பா. அன்றைக்கு அந்த அறையில் ஒரு பல்பு, ஒரு ஃபேன், ஒரு ரேடியோ. 2011-க்குப் பிறகு அரசே மிக்ஸியும் கிரைண்டரும் ஃபேனும் வீடுவீடாகக் கொடுத்தது. பிறகு வாஷிங் மெஷின் வந்தது, இண்டக்‌ஷன் அடுப்பு வந்தது, ஏ.சி.யும் வந்துவிட்டது. வாடகை அதற்கேற்ப ஏறியது. ஒயரும் சாக்கெட்டும் அன்று இருந்தபடியே இருக்கின்றன.

"இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்பது மூன்றாவது. ஒயரின் மேலுறைக்கு வயது உண்டு. சூட்டிலும் ஈரத்திலும் அது காய்ந்து வெடிக்கும். ஒன்றும் ஆகாமல் போன ஒவ்வொரு வருடமும் அதை இன்னும் பழையதாக்கியிருக்கிறது.

செலவைப் பற்றியும் பேசிவிடலாம். ஒரு போர்ஷனுக்குப் போதுமான, ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஏறத்தாழ இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. மாட்டும் கூலி தனி. எர்த் ஒயர் இல்லாத வீட்டில் அதை இழுப்பதும், புதிதாகக் குழி வெட்டுவதும் இன்னும் கொஞ்சம் ஆகும். ஒருவர் காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க என்று அட்வான்ஸில் நீங்கள் பிடிக்கும் ஒரு மாத வாடகையில் இதன் பெரும்பகுதி முடிந்துவிடும். சுவருக்குப் பெயிண்ட் அவசியம் என்று தெரிந்த உங்களுக்கு, இதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆர்.சி.சி.பி. மாட்டினாலும் தீராத ஓர் ஆபத்து உங்கள் மொட்டை மாடியில் இருக்கிறது: கொடிக்கம்பி. கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் உங்கள் வீட்டு மேல் நிற்கும் இரும்புக் குழாய் வழியாக மீட்டருக்கு இறங்குகிறது. அந்தக் குழாய் வசதியாக நிற்கிறதே என்று அதிலிருந்து தண்ணீர்த் தொட்டித் தூண் வரை இரும்புக் கம்பியைக் கட்டித் துணி காயப்போடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் வெயிலில் காய்ந்த சர்வீஸ் ஒயர், குழாயின் வாயில் காற்றுக்கு உரசி உரசி, மேலுறை தேய்ந்து ஒரு நாள் உள்கம்பி இரும்பைத் தொடும். குழாய் முழுக்க மின்சாரம், கொடிக்கம்பி முழுக்க மின்சாரம். மழை பெய்து ஓய்ந்த காலையில், ஈரத் துணியோடு ஈரத் தரையில் நிற்பவர் அந்தக் கம்பியைத் தொடுகிறார். அலறல் கேட்டு ஓடிவருபவர் அவரைப் பிடித்து இழுக்கிறார். இப்படித்தான் ஒரே வீட்டில் இரண்டு, மூன்று பேர் சேர்ந்து சாகும் செய்தி வருகிறது. கசிவு மீட்டருக்கு முன்னாலேயே நடப்பதால், மெயின் போர்டில் உள்ள எந்தச் சாதனமும் இதைப் பார்க்காது. இதற்குத் தீர்வு நைலான் கயிறுதான். அதையும் சர்வீஸ் குழாயிலோ, மின்கம்பத்தின் ஸ்டே கம்பியிலோ கட்டாமல், தனியாக இரண்டு தூண் நட்டுக் கட்ட வேண்டும். இன்று மாலைக்குள் முடிக்கக்கூடிய வேலை. சர்வீஸ் ஒயர் வெடித்திருந்தால் நீங்களே தொடாமல் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. உங்கள் வாடகைதாரருக்கு ஷாக் அடித்தால், மெயினை அணைக்க அவருடைய மனைவியோ பிள்ளையோ எங்கே ஓட வேண்டும்? பல வீடுகளில் மெயின் சுவிட்ச் உரிமையாளரின் வராந்தாவில், பூட்டிய கிரில் கேட்டுக்குள் இருக்கிறது. நீங்கள் ஊருக்குப் போயிருந்தால் சாவியும் உங்களோடு போய்விடும். ஒருவர் மின்சாரத்தில் சிக்கியிருக்கும்போது முதலில் செய்ய வேண்டியது மெயினை அணைப்பது. அது முடியாவிட்டால்தான் காய்ந்த மரக்கட்டையால் தள்ளுவது. பிறகுதான் 108-க்கு அழைப்பது, மூச்சு இல்லாவிட்டால் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்வது எல்லாம். அந்த முதல் வேலைக்கே வழி இல்லாத வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

எனவே உங்களிடம் கேட்பது இது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்றிதழ் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிடுங்கள். புது மின் இணைப்புக்கு வாங்கும் ஒயரிங் அறிக்கையில் யாரோ ஒருவர் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்ததை மறந்துவிட்டு, இந்த முறை உண்மையாகவே ஒவ்வொரு போர்ஷனையும் அவரோடு சேர்ந்து பாருங்கள். எர்த் ஒயர் எல்லாச் சாக்கெட்டுக்கும் வருகிறதா, குழி எங்கே இருக்கிறது, அதன் அளவு எவ்வளவு என்று கேளுங்கள். குழிக்குக் கோடையில் தண்ணீர் விடுங்கள். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனித்தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டுங்கள். டிரிப் ஆனால் கழற்றச் சொல்லாதீர்கள், கோளாறைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அந்த வீட்டின் மெயினை அந்த வீட்டுக்காரர் கை எட்டும் இடத்தில், பூட்டில்லாமல் வையுங்கள். வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, இவை இருக்கின்றன, கடைசியாகச் சோதித்த தேதி இது என்று ஒரு வரி சேருங்கள். ஷாக் அடிக்கிறது என்று யாராவது சொன்னால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படிச் சொல்பவர் உங்களுக்கு உதவி செய்கிறார்.

மாட்டி முடித்ததும், அந்தச் சாதனத்தின் முகப்பில் 'டி' என்று எழுதிய ஒரு சின்னப் பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் மின்சாரம் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சாதனம் கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பார்க்க வேண்டும். அடுத்த மாதம் வாடகைக்காகப் படியேறும்போது, வீட்டில் உள்ள எல்லோரையும் கூப்பிட்டு, அதை அழுத்திக் காட்டுங்கள். இப்போது ஒரு நிமிடம் ஒதுக்கி எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்து, அவர் எந்தத் தேதிக்கு வருவார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.